தாண்டிப் போனவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. யாரோ யாருக்கோ சொல்லி, வழியில் கை கால் முளைத்து வந்த கதை இல்லை. யாருக்கு நடந்ததோ அவள் பெயர் அன்புக்கரசி. மதுக்கரையில் குடியிருக்கிறாள். ஒன்றைப் பத்தாக்கிப் பேசத் தெரியாதவள். மழை கொட்டு கொட்டென்று கொட்டினாலும் 'தூறுதுங்க' என்றுதான் சொல்வாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு முறை இதை முழுதாகச் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் இருந்த மகளின் கையை விடவே இல்லை.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் என்று நினைப்பவர்கள் அதையெல்லாம் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட வேண்டும். இது பட்டப்பகலில் நடந்தது. 1995ஆம் வருஷம், சித்திரை மாதம், உச்சி வெயிலில், பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில்.

அன்புக்கரசியின் கணவன் ரூபன் லாரி ஓட்டுகிறவன். பொள்ளாச்சியிலிருந்து காங்கேயம் எண்ணெய் மில்களுக்குக் கொப்பரை ஏற்றிப் போவான். போனால் திரும்ப இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். மகள் மெர்சிக்கு அப்போது நாலு வயது. கொப்பரை காயப் போடும் களம் ஒன்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், களத்தை ஒட்டிக் குடியிருக்க வீடும் உண்டு என்று கேள்விப்பட்டு மூன்று பேரும் போனார்கள். தோட்டத்துக்குச் சொந்தக்காரி சாமியாத்தாள். கழுத்தில் கனமான சங்கிலி, வாயில் தேன். கூலிக்காரரைக்கூட மரியாதை குறையாமல்தான் கூப்பிடுவாள்.

வாடகை என்ன என்று ரூபன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"வாடகை எதுக்குங்க? புள்ளகுட்டி இருக்கற குடும்பமாப் பாத்துத்தான் குடி வெக்கறது. கொழந்தைக்கு என்ன வயசு அம்மணி?"

"நாலு நடக்குதுங்க" என்றாள் அன்புக்கரசி.

"அப்பச் செரி" என்றாள் சாமியாத்தாள். 'அப்பச் செரி' என்றால் என்ன அர்த்தம், ஏழு வயதாக இருந்தால் சரியில்லையா என்று யாரும் கேட்கவில்லை. சும்மா கிடைக்கிற வீட்டில் எவன் கேள்வி கேட்பான்?

வீடு ரயில் பெட்டி மாதிரி. முன் அறை, நடு அறை, சமையலறை, மூன்றும் ஒரே வரிசை. எல்லாக் கதவும் நேருக்கு நேர். முன்வாசலில் நின்று பார்த்தால் வீட்டைத் துளைத்துக்கொண்டு பார்வை பின்வாசல் வழியாக வெளியே போகும். பின்னால் தென்னை வரிசை. அந்த வரிசை முடிகிற இடத்தில் சாமியாத்தாளின் பெரிய வீட்டு வெள்ளைச் சுவர். நூல் பிடித்த மாதிரி ஒரே கோடு.

குடிவந்த அன்றே சாமியாத்தாள் புதுக் கோரைப்பாய் ஒன்று கொண்டுவந்தாள். தன் கையாலேயே நடு அறையில் குறுக்காக விரித்தாள்.

"மத்தியானத்துல கொழந்தைய இங்கயே ஒறங்கப் போடு கண்ணு. காத்து நல்லா வரும். ஆராச்சும் தெரியாம தாண்டிப்போட்டா உடனே திரும்பித் தாண்டச் சொல்லிப்போடோணும். மறந்தராத."

அன்புக்கரசி சிரித்துவிட்டாள். "அதச் சொல்லோணுங்களாம்மா?"

படுத்திருக்கும் பிள்ளையை யாரும் தாண்டக் கூடாது. தாண்டினால் வளர்த்தி நின்றுபோகும். தெரியாமல் தாண்டிவிட்டால், தாண்டியவரே வந்த பக்கமாகத் திரும்பித் தாண்டிவிட வேண்டும், சரியாகிவிடும். இது தெரியாத வீடு உண்டா? அன்புக்கரசி ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவள். பூனை, பல்லி, ராகுகாலம் எதையும் பார்க்க மாட்டாள். ஆனால் இதை அவள் சகுனம் என்று நினைத்ததே இல்லை. கை கழுவிவிட்டுச் சாப்பிடுவதுபோல இதுவும் ஒரு பழக்கம். வீட்டு ஜெபத்துக்கு வந்த போதகரையே, "ஐயா, கொஞ்சம் திரும்பித் தாண்டிப்போடுங்க" என்று சொல்லி எல்லார் முன்னாலும் திரும்ப வைத்தவள் அவள்.

அவளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. தலை நிமிராமலே நடையை வைத்து ஆளைச் சொல்லிவிடுவாள். ரூபன் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வருவான். சாமியாத்தாள் கோழி மாதிரிக் குட்டிக் குட்டியாய் வேக வேகமாய் அடி வைப்பாள். களத்தில் மட்டை சுமக்கும் வெங்கடம்மாள், சுமை இல்லாதபோதும் சுமந்தபடிதான் காலை அகட்டி நடப்பாள். வாய்க்காலில் நிற்கும் கொக்குகூட, ஒரு காலைத் தூக்கி, யோசித்து, பிறகுதான் வைக்கும். மெர்சி நடப்பதே கிடையாது, எல்லாம் துள்ளல்தான்.

மாமனார் வேலுமணியின் நடை தனி. ஆறடிக்கு மேல் உயரம். வயசுக் காலத்தில் பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போய் ஓட்டிப் போய் வந்த நடை. அவர் ஓர் எட்டு வைத்தால் மற்றவர்கள் இரண்டு வைக்க வேண்டும்.

அந்த வாரம் அவர் பேத்தியைப் பார்க்க வருவதாக இருந்தார். அதனால்தான் அன்புக்கரசி முதல் நாள் ஏமாந்தாள்.

அன்று பக்கத்து மஞ்சி மில்லில், அதாவது தேங்காய் மட்டையில் நார் எடுக்கும் மில்லில், பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி அடங்கியிருந்தது. மெர்சி நடு அறைப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்புக்கரசி சமையலறையில் அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். முகம் சுவரைப் பார்த்து இருந்தது. நடு அறை கடைக்கண்ணில் மட்டும் தெரிந்தது.

தொப்.

முன்வாசல் படியில் ஓர் அடி விழுந்தது. பிறகு கடைக்கண்ணில் இரண்டு கால்கள். நீளமான, காய்ந்த, கறுத்த கால்கள். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி. ஒரே எட்டில் முன்வாசலிலிருந்து மெர்சியைத் தாண்டி...

தொப்.

சமையலறையில், அவளுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது பாதம்.

"ஏனுங்க மாமா, புள்ளையத் தாண்டிப்போட்டீங்க பாருங்க" என்றாள், குழவியை நிறுத்தாமலே. "திரும்பித் தாண்டிப்போடுங்க."

பாதம் அப்படியே நின்றது. குதிகாலில் வெடிப்பு. வெடிப்புக்குள் ஈரமான செம்மண். அப்புறம் மெல்லத் திரும்பியது. வந்த மாதிரியே ஒரே எட்டில் தாண்டிப் போனது.

"சோறு உங்கறீங்களா மாமா?"

குழவியை நிறுத்தினாள்.

"மாமா?"

எழுந்து போய்ப் பார்த்தாள். வீட்டில் யாரும் இல்லை. களத்தில் யாரும் இல்லை. வெயில் மட்டும் கண்ணைக் குத்தியது. மில்லிலிருந்து பறந்து வந்து படிந்திருந்த நார்த்தூளில், வாசற்படியில் ஒரே ஒரு காலடி இருந்தது. சமையலறையில் ஒரே ஒரு காலடி. நடுவில் ஒன்றும் இல்லை. சமையலறையில் இருந்த தடம் ஈரமாக இருந்தது. மழை பெய்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

மாமனார் பொழுது சாய்ந்துதான் வந்தார், சந்தையிலிருந்து பஸ்ஸில், கையில் மாம்பழப் பையோடு.

"மத்தியானம் வந்துபோட்டு ஒண்ணும் சொல்லாமப் போய்ட்டீங்களே மாமா."

"நானா? நான் இப்பத்தானே வாரேன் அம்மணி."

அவள் காலடிகளைக் காட்டினாள். கிழவருக்கு வேடிக்கையாக இருந்தது. படியில் இருந்த தடத்தில் தன் காலை வைத்து, ஓர் எட்டு வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கத்திலேயே பெரிய எட்டுக்காரர் அவர். அவருடைய கால் முன் அறையின் பாதியில் போய் விழுந்தது. இன்னொரு முறை வைத்தார். அப்புறம் சிரிக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "மெர்சிய நான் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று மட்டும் கேட்டார். "இந்த மாசம் போகட்டுங்க மாமா" என்றாள் அன்புக்கரசி. அவர் வற்புறுத்தவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

அன்றைக்கே அவள் பாயை முன் அறை மூலைக்கு மாற்றினாள்.

சாமியாத்தாள் மோர்ச் சொம்போடு வந்தாள். கூடவே பேத்தி கனிஷ்கா. கோயமுத்தூரில் படிக்கிற பிள்ளை, லீவுக்கு வந்திருந்தாள். ஆறு வயது, மஞ்சள் கவுன். சாமியாத்தாள் உள்ளே வந்ததும் அன்புக்கரசியின் முகத்தைப் பார்க்கவில்லை. நடு அறையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"பாய் எங்க?"

அவளே மூலையிலிருந்து பாயை இழுத்து வந்து, பழைய இடத்தில் குறுக்காக விரித்தாள். விரித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நேத்து ஆராச்சும் வந்தாங்களா?"

"தெரியலீங்கம்மா. மாமான்னு நெனச்சுத் திரும்பித் தாண்டச் சொன்னேனுங்க."

"சொன்னியல்ல? தாண்டிப்போட்டுப் போச்சல்ல?"

"ஆமாங்க..."

சாமியாத்தாள் மூச்சை விட்டாள். கனிஷ்காவின் தலையைத் தடவினாள். "தங்கமான புள்ள நீ" என்று அன்புக்கரசியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன பிறகுதான் அன்புக்கரசிக்கு உறைத்தது. 'போனாங்களா' என்று கேட்கவில்லை. 'போச்சல்ல' என்று கேட்டாள்.

ரூபன் வந்ததும் சொன்னாள். "வெயில்ல கண்ணு கட்டியிருக்கும் புள்ள" என்றான் அவன். "மாசம் முடியட்டும், வேற எடம் பாக்கலாம்." ஆண்பிள்ளைகளுக்கு எல்லாமே மாசம் முடிந்தால்தான். அடுத்த லோடுக்குப் போய்விட்டான்.

நாலு நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள், சங்கு ஊதி அடங்கியதும், களத்தில் கொப்பரையைக் கொத்திக்கொண்டிருந்த காக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. விரட்ட ஆளே இல்லை. ஒன்றுகூடக் கத்தவில்லை. பறந்து போய்விட்டன.

மெர்சி அப்போதுதான் பாயில் கண் அயர்ந்திருந்தாள். அன்புக்கரசி சமையலறை வாசலில் நின்றாள்.

ரோட்டுப் பக்கம் கேட்டது.

தொப்.

மனுஷன் நடந்தால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே இவ்வளவு நேரம் ஆகாது. ஒரு மூச்சு இழுத்து விட்டாள். இன்னொரு மூச்சு...

தொப்.

களத்துக்குள் வந்துவிட்டது. அவளுக்குப் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்றுதான் இருந்தது. கால் நகரவில்லை.

தொப்.

வாசற்படி. இந்த முறை கால்கள் தெரியவில்லை. எதுவுமே தெரியவில்லை. ஜன்னல் துணி ஆடவில்லை. மெர்சியின் நெற்றி முடி மட்டும் மேலே எழும்பி... மெதுவாக அடங்கியது.

தொப்.

அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி, சிமெண்ட் தரையில், ஈரச் செம்மண்ணில் ஒரு பாதம் பதிந்தது. விரல்கள் அவளைப் பார்த்து இருந்தன. புது மழை விழுந்த மண் வாசம் வந்தது.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் பிள்ளை ஆயிற்றே.

"திரும்பித்... திரும்பித் தாண்டிப்போடுங்க..."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மெர்சியின் முடி மறுபடி எழும்பி அடங்கியது. பாய்க்கு அந்தப் பக்கம் ஒரு தடம் விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

போகவில்லை.

இரண்டு பாதமும் சேர்ந்து நின்றன. விரல்கள் பிள்ளையைப் பார்த்து இருந்தன. தடத்தைச் சுற்றித் தரையில் தண்ணீர் கசிந்தது.

'போ' என்று கத்த வேண்டும் அவளுக்கு. ஆனால் பிறந்ததிலிருந்து யாரையும் அப்படிச் சொன்னதில்லை. வாசலுக்கு வந்த பிச்சைக்காரரைக்கூடச் சொன்னதில்லை. தானாகப் புரண்ட நாக்கு, வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிவிட்டது.

"போயிட்டு வாங்க."

உடனே போனது. அதற்காகவே காத்திருந்த மாதிரி.

தொப்... களத்தில்.

தொப்... ரோட்டில்.

மெர்சியை வாரி எடுத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அன்புக்கரசிக்கு விளங்கியது. போகச் சொல்லவில்லை. போய்விட்டு வரச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாளே வந்தது.

அன்று மத்தியானத்துக்குள் ரூபன் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். வந்ததும் சட்டி பானையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவது என்று அவள் காலையிலேயே முடிவு செய்திருந்தாள். பதினொன்றரைக்கே முன்கதவையும் பின்கதவையும் தாழ் போட்டாள். ஜன்னல்களையும் அடைத்தாள். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினாள். நடு அறைச் சுவரில் சாய்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். இனி கூப்பிடக் கூடாது. கூப்பிடுவதால்தானே நிற்கிறது? வாயையே திறக்கக் கூடாது.

வெளிச்சம் என்று இருந்தது கூரையின் கண்ணாடி ஓடு ஒன்றுதான். அதன் வழியாக வெயில் நடு அறையில் சதுரமாக விழுந்திருந்தது.

சங்கு ஊதியது.

மெர்சி தூங்கிவிட்டாள். தூங்காத நேரத்தில், சட்டென்று.

தொப்.

எங்கோ தூரத்தில்.

அவள் மூச்சை எண்ண ஆரம்பித்தாள். எண்ணிக்கை விட்டுப்போனது. தெரிந்த ஜெபமெல்லாம் மறந்துபோனது.

தொப்.

களம்.

தொப்.

கதவுக்கு வெளியே.

தாழ்ப்பாள் அசையவில்லை. யாரும் தட்டவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

அன்புக்கரசி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேரம் போனது...

போய்விட்டது என்றுகூட நினைத்தாள்.

அப்போது தரையில் கிடந்த வெயில் சதுரம்...

இருண்டது.

ஓட்டிலிருந்து தூசி உதிர்ந்தது.

மேலே... வீட்டுக்கு மேலே... எதுவோ கடந்துகொண்டிருந்தது.

மடியில் மெர்சி கண்ணைத் திறக்காமல் பேசினாள்.

"அம்மா... திரும்பக் கூப்புடு."

அன்புக்கரசி பிள்ளையின் வாயைப் பொத்தினாள்.

வெயில் மறுபடி தரையில் விழுந்தது.

தொப்.

பின்வாசலுக்கு அப்பால். தென்னை மரங்களுக்கு நடுவில்.

வீட்டையே தாண்டிவிட்டது. கூரை, சுவர், அவள், அவள் மடியில் பிள்ளை, எல்லாவற்றையும். ஒரே எட்டில்.

அவள் கூப்பிடவில்லை.

தொப்... தொப்... வெள்ளைச் சுவரை நோக்கிப் போனது. அப்புறம் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ. யாரோ பின்கதவை இடித்தார்கள். சாமியாத்தாளின் குரல். கதவைத் திறந்தாள். கொண்டை அவிழ்ந்து தொங்க, முந்தானை மண்ணில் புரள, மூச்சிரைக்க நின்றாள் சாமியாத்தாள். கோழி நடை போடுகிறவள் தோப்பு முழுவதையும் ஓடியே கடந்து வந்திருந்தாள். அந்தத் தேன் வாயிலிருந்து அப்படிப் பேச்சு வரும் என்று அன்புக்கரசி கனவில்கூட நினைத்ததில்லை.

"ஏண்டி கூப்புடல? திரும்பித் தாண்டச் சொல்லோணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனல்லடி? ஏண்டி கூப்புடாம உட்ட?"

கனிஷ்காவைக் காணவில்லை. கூடத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை, பாட்டி சமையலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் இல்லை.

ரூபனின் லாரி வந்தபோது தோட்டத்து ஆட்கள் எல்லாரும் தேடிக்கொண்டிருந்தார்கள். அவனும் இறங்கித் தேடினான். பெரிய வீட்டுக்குப் பின்னால், அன்று காலையில்தான் தண்ணீர் பாய்ச்சிய கடலைக் காடு. ஈரமண்ணில் தடம் தெரிந்தது. சின்னக் காலடி. ஆறு வயதுப் பிள்ளையின் காலடி. முதலில் ஒன்றுதான் கண்ணில் பட்டது. அடுத்தது எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒரு தென்னைக்கும் அடுத்த தென்னைக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் தள்ளி இருந்தது அடுத்த காலடி. அதற்கடுத்ததும் அப்படியே. குதித்த தடமாக இருந்தால் மண் சிதறியிருக்க வேண்டும். சிதறவில்லை. நிதானமாக எட்டு வைத்துப் போயிருந்தது பிள்ளை.

பொழுது சாயும் முன் கனிஷ்கா கிடைத்தாள். பெரிய வாய்க்காலுக்கு அந்தக் கரையில், கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எங்கும் பாலம் கிடையாது. மஞ்சள் கவுனில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. குதிகால் மட்டும் செம்மண்ணாக இருந்தது. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை. பேச்சு மட்டும் இல்லை.

வெயில்ல கண்ணு கட்டியிருக்கும் என்று சொன்ன ரூபன்தான் முதலில் சட்டி பானையைத் தூக்கினான். வெளிச்சம் இருக்கும்போதே சாமான்களை லாரியில் ஏற்றினான். பாயை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள். மதுக்கரையில் சிமெண்ட் லோடு ஓட்ட ரூபனுக்கு வேலை கிடைத்தது. அவ்வளவுதான், தலை தப்பியது என்று நினைத்தாள் அன்புக்கரசி. மெர்சிக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே. ஓடினாள், விளையாடினாள், ஜூன் மாதம் பள்ளிக்கூடமும் சேர்ந்தாள்.

அடுத்த வருஷம் ஆடி மாதம், உக்கடம் பஸ் ஸ்டாண்டில் வெங்கடம்மாளைப் பார்த்தாள். மட்டை சுமக்கிற அதே வெங்கடம்மாள், அதே நடை. டீ வாங்கிக் கொடுத்தாள். வெங்கடம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அது அந்தத் தடத்துல எப்பவும் போறதுதான் கண்ணு. ரோட்டுலருந்து நேரா பெரிய ஊட்டுக்கு. என்னத்துக்குப் போகுதுன்னு ஆருக்கும் தெரியாது. பூசை போட்டாங்க, கெடா வெட்டுனாங்க. ஒண்ணுக்கும் நிக்கல. ஒருக்கா எவளோ களத்துக்காரி, புள்ளையத் தாண்டுனது ஆருன்னு பாக்காமயே, திரும்பித் தாண்டுங்கன்னு சொல்லிப்போட்டா. அதுவும் மரியாதையாத் திரும்பிப் போயிருச்சு. அப்பறம்தான் அந்த எடத்துல ஊட்டக் கட்டுனாங்க. சின்னப் புள்ள இருக்கறவங்களாப் பாத்து, வாடகை வாங்காமக் குடி வெச்சாங்க."

அன்புக்கரசி டீயைக் கீழே வைத்துவிட்டாள். காற்றுக்காக விரித்த பாய் இல்லை அது. சாமியாத்தாள் தன் பேத்திக்கு முன்னால், குறுக்கே, அடுத்தவள் பிள்ளையைப் படுக்கப் போட்டிருக்கிறாள்.

"கனிஷ்கா எப்பிடி இருக்குதுங்க?" என்றாள் கடைசியாக.

"பேசுது. படிக்குது. ஏழு முடியப் போகுது." வெங்கடம்மாள் குரலைத் தணித்தாள். "கோயமுத்தூருல பாக்காத டாக்டர் இல்ல. அன்னிக்குப் போட்டிருந்த மஞ்சக் கவுனு இருக்குதல்ல... இன்னும் அளவாத்தான் இருக்குது."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அன்புக்கரசிக்கு ஞாபகம் இல்லை. மெர்சி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் துள்ளிக்கொண்டிருந்தாள். அவளைப் பிடித்து நிறுத்தி யூனிபார்ம் பாவாடையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம் என்று சேர்க்கும்போதே பெரிதாக எடுத்து, மூன்று மடிப்பு மடித்துத் தைத்த பாவாடை. தைத்தது அவள்தான். ஒரு வருஷம் போய்விட்டது.

மூன்று மடிப்பும் அப்படியே இருந்தன. பாவாடை முழங்காலில் சரியாக நின்றது.

இதை அன்புக்கரசி என்னிடம் சொன்னது 1999இல். கையை விடாமல் பிடித்திருந்தாளே, அந்தப் பிள்ளைக்கு நாலு வயது இருக்கும் என்றுதான் கேட்டு முடிக்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பிள்ளை போலிருக்கிறது என்று எண்ணி, "மெர்சி எங்க, பள்ளிக்கூடமா?" என்று கேட்டேன்.

"இதுதானுங்க மெர்சி" என்றாள் அன்புக்கரசி. "எட்டு முடியப் போகுது."

பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன்பல் ஒன்றும் விழுந்திருக்கவில்லை.

அப்போது சிமெண்ட் ஆலைப் பக்கம் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அன்புக்கரசி பேச்சை நிறுத்திவிட்டு எழுந்தாள். முன்கதவைத் திறந்தாள். பின்கதவைத் திறந்தாள். இரண்டும் நேருக்கு நேர் இருக்கிற வீடாகத் தேடிப் பிடித்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நடுவில் பாயைக் குறுக்காக விரித்தாள். சொல்லாமலே மெர்சி வந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையோ நாள் பழக்கம் அது.

பின்வாசலில் போய் நின்றுகொண்டு, வெளியே வெயிலைப் பார்த்து, பெரியவர்களைக் கூப்பிடுகிற பணிவான குரலில் அன்புக்கரசி கூப்பிட்டாள்.

"ஏனுங்க... புள்ளையத் தாண்டிப்போட்டீங்க. திரும்பித் தாண்டிப்போடுங்க..."

காத்திருந்தோம். வெயிலும் சிமெண்ட் தூசியும் தவிர வெளியே ஒன்றும் இல்லை.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அழவில்லை. விருந்தாளி வரத் தாமதமானதற்குச் சமாதானம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அவங்க ஓர் எட்டு வெச்சா அடுத்த எட்டு வெக்க நேரமாகுமுங்க. வந்துருவாங்க."

மறுபடி வெளியே பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தாள்.